கெஞ்ச வேண்டாம், விவரத்தை எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மேற்படிப்பு விண்ணப்பம் பற்றி எழுதியபோது, பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் நம் பிள்ளைகள் ஒரு மின்னஞ்சல் எழுதத் திணறுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள், பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான்.

அக்கா, நான் பினாங்கில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பாட்டி தவறிப்போனதால் ஊருக்கு வந்துவிட்டேன், அசைன்மெண்டை நேரத்துக்குக் கொடுக்க முடியாத நிலை. லெக்சரருக்கு இப்படி மெயில் போட்டேன்: "ஹாய் டாக்டர், சாரி டாக்டர் தொந்தரவு பண்றதுக்கு, எனக்குக் கொஞ்சம் ஃபேமிலி ப்ராப்ளம், அசைன்மெண்ட் லேட் ஆகும், ப்ளீஸ் டாக்டர், ரொம்பக் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து மன்னிச்சிடுங்க டாக்டர்." ஐந்து நாளாகப் பதில் இல்லை. நான் எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் இருக்கிறதா?
— மாணவர், சுங்கை சிப்புட்

தம்பி, முதலில் பாட்டிக்கு என் அஞ்சலி. மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, மரியாதை தேவைக்கு மேலேயே இருக்கிறது. இல்லாதது விவரம். அந்த மெயிலைத் திறந்து பார்க்கிற விரிவுரையாளரின் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். அவர் இரண்டு மூன்று பாடம் எடுப்பார், ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு மேல்கூட இருக்கலாம். உங்கள் மெயிலில் எந்தப் பாடம் என்று இல்லை, எந்தக் குழு என்று இல்லை, எந்த அசைன்மெண்ட், என்ன பிரச்சனை, எத்தனை நாள் வேண்டும், எதுவுமே இல்லை. பொருள் வரியையும் காலியாக விட்டதாகக் கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பதில் எழுத வேண்டுமானால் அவர் முதலில் நீங்கள் யாரென்று தேடணும், அப்புறம் நாலு கேள்வி கேட்கணும். அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்திருப்பார், அது அப்படியே கீழே போயிருக்கும். கோபமெல்லாம் இருக்காது.

இன்னொன்று, "ஃபேமிலி ப்ராப்ளம்" என்று மூடி எழுதாதீர்கள். மரணம் மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதை ஒரு காரணமாக ஏற்றுப் பரிசீலிப்பார்கள், ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். தமிழில் தருகிறேன், நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ளுங்கள்.

பொருள்: பாடக் குறியீடு, குழு 3, இரண்டாம் ஒப்படைப்புக்குத் திங்கள் வரை அவகாசம் கோருதல்

வணக்கம் டாக்டர்,

நான் உங்கள் செவ்வாய்க்கிழமை வகுப்பில், குழு 3-இல் படிக்கும் மாணவன். என் பாட்டி ஞாயிற்றுக்கிழமை காலமானார். இறுதிச் சடங்குக்காகச் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன், வியாழக்கிழமை வளாகத்துக்குத் திரும்புவேன். இந்த வெள்ளிக்கிழமை தர வேண்டிய இரண்டாம் ஒப்படைப்பை அடுத்த திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் தர அனுமதி கிடைக்குமா? இதுவரை முடித்த பகுதியை இணைத்துள்ளேன். மரணச் சான்றிதழின் நகல் தேவையானால் அனுப்புகிறேன்.

நன்றி.

முழுப் பெயர், மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்), கைப்பேசி எண்

அவ்வளவுதான். இதற்கு அவர் "சரி" என்று ஒரு வார்த்தையில் பதில் போடலாம், "முடியாது, மதிப்பெண் குறையும்" என்றும் போடலாம். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே பதில் எழுத வசதியாக இருக்கிறது. கேட்கிற தேதியை நீங்களே சொல்லுங்கள், "கொஞ்ச நாள்" என்று விட்டுவிட்டால் நாளை எண்ணுகிற வேலை அவருக்குப் போகும். பாதி முடித்ததை இணைப்பதற்கும் காரணம் உண்டு, நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. முடிந்தால் கடைசித் தேதி வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். தேதி போன பிறகு கேட்பது மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், அதற்கு முன் கேட்டால் அது அனுமதி கேட்பது.

இப்போது என்ன செய்யலாம்? பழைய மெயிலையே திறந்து அதற்குக் கீழேயே மேலே சொன்ன மாதிரி திருத்தி அனுப்புங்கள், பொருள் வரியையும் நிரப்பிவிடுங்கள். பல்கலைக்கழகம் கொடுத்த மாணவர் மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். சொந்தக் கணக்கிலிருந்து போனால் குப்பைப் பெட்டிக்குப் போய்விடுகிற வாய்ப்பு அதிகம், அனுப்பியது உண்மையிலேயே அந்த மாணவர்தானா என்கிற சந்தேகமும் வரும்.

வணக்கம். நான் தோட்டத்தில் பழம் வெட்டுகிறேன். மகள் டிப்ளோமா படிக்கிறாள். கல்வி நிதி உதவி கேட்டு ஒரு அறவாரியத்துக்கு மெயில் எழுதப் போகிறாள். நம் கஷ்டத்தையெல்லாம் நன்றாக உருகி எழுது, அப்போதுதான் இரக்கப்பட்டுக் கொடுப்பார்கள் என்று நான் சொன்னேன். அவள் அப்படி எழுத மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
— ஒரு தகப்பனார், தோட்டத்திலிருந்து

அண்ணே, உங்கள் மகள் சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

தோட்டத்தில் ஒரு கடிதம் வேண்டுமென்றால் ஒருகாலத்தில் ஆபீஸ் கிராணியிடம், அதாவது எழுத்தரிடம்தான் போய் நிற்கணும். அவர் எழுதிக் கொடுக்கிற மனுவில் "கருணை கூர்ந்து", "ஏழையேன்", "தங்கள் சமூகத்தில் பணிந்து வேண்டுகிறேன்" என்றெல்லாம் வரும். கேட்பவனுக்கு உரிமை எதுவும் இல்லை, கொடுப்பவர் மனசு வைத்தால்தான் உண்டு என்று இருந்த காலத்துப் பேச்சு அது. இன்றைக்குக் கல்வி நிதி கொடுக்கிறவர்கள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். குடும்ப வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் படிக்கிறார்கள், மாணவியின் மதிப்பெண் என்ன, எவ்வளவு தேவை, ஆதாரம் இருக்கிறதா, இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. இரண்டு பக்கம் உருகி எழுதி வருமானத்தைச் சொல்லாத கடிதத்தை வைத்து அவர்களால் எந்தக் கட்டத்தையும் நிரப்ப முடியாது. மனசு இளகினாலும் கோப்பு நகராது.

அதற்காகக் கஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. அதை அளந்து சொல்லச் சொல்கிறேன். "நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பம்" என்பதற்குப் பதிலாக, "அப்பா தோட்டத் தொழிலாளி, மாத வருமானம் இவ்வளவு, அம்மா வீட்டில் இருக்கிறார், தம்பி தங்கை இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள், எனக்கு இந்தத் தவணைக்குக் கட்டணம் போக விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு தேவை" என்று எழுதட்டும். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், மழைக்காலத்தில் வேலை நாள் குறைந்தால் கைக்கு வருவதும் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு மாதச் சம்பளச் சீட்டு மட்டும் வைக்காமல் கடைசி மூன்று மாதச் சீட்டை வையுங்கள், மேலே கீழே போவது அவர்களுக்கே தெரியட்டும். ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இதில் உங்கள் பங்குதான் பெரியது அண்ணே. ஆபீஸில் கேட்டு அந்தச் சீட்டுகளை வாங்கி, தெளிவாகப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவையுங்கள். அவள் எழுதுகிற எந்த வாக்கியத்தையும்விட அந்தத் தாள்கள் பேசும்.

அடையாள அட்டை நகல் கேட்டால், அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அட்டை எண்ணைப் பொருள் வரியில் போட வேண்டாம், கேட்ட இடத்தில் மட்டும் போதும்.

சுங்கை சிப்புட் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் தொழிலாளர்களின் சேமிப்பையே ஒன்று திரட்டித் தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அந்தத் தொழிலாளர்களின் பேத்தி தலை நிமிர்ந்து ஒரு கடிதம் எழுதணும் என்று நினைத்தால், அவளைத் தடுக்காதீர்கள்.

ஈப்போ பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக் படிக்கிறேன். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடி பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள கம்பெனிகளுக்கு ஒரே மெயிலை மொத்தமாக அனுப்பினேன், எல்லா முகவரியையும் ஒன்றாகப் போட்டு. ஒரு கம்பெனிகூடப் பதில் போடவில்லை. என் ரிசல்ட் நல்லா இருக்கு. எங்கே தப்பு?
— மாணவி, சுங்கை சிப்புட்

தங்கச்சி, உங்கள் ரிசல்ட்டை அவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். முகவரிகளை ஒன்றாகப் போட்டால், பெறுகிற ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாக் கம்பெனிகளின் பெயரும் தெரியும். "யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடைத்தெருவில் கூவுவது மாதிரிதான் அது. ஒருவர் பதில் போடுவார் என்று இன்னொருவர் நினைப்பார், யாருமே போட மாட்டார்கள். மறை நகலில் (பி.சி.சி.) போட்டால் தெரியாதே என்று கேட்கலாம். தெரியாதுதான், ஆனால் மெயிலில் அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் மொத்தமாக அனுப்பியது என்று படித்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தனித்தனியாக அனுப்புங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து போதும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அந்தக் கம்பெனிக்கென்று இருக்கணும்: அவர்கள் என்ன தயாரிக்கிறார்கள், அதில் நீங்கள் படித்த எது ஒட்டும். அதை அவர்கள் இணையத்தளத்தில் பத்து நிமிடம் பார்த்தால் எழுதிவிடலாம். பாயான் லெப்பாஸில் 1970-களிலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே வேலை செய்வதில்லை. சில்லு அடைத்துச் சோதிக்கிற இடம் வேறு, சர்க்யூட் பலகை பூட்டுகிற இடம் வேறு, இயந்திரம் வடிவமைக்கிற இடம் வேறு. "உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "உங்கள் சோதனைப் பிரிவில் பயிற்சி பெற விரும்புகிறேன், இறுதித் தவணை ப்ராஜெக்டில் நான் இன்னின்ன கருவியைப் பயன்படுத்தியிருக்கிறேன்" என்று எழுதினால் அந்த மெயில் மனிதவளப் பிரிவிலிருந்து எஞ்சினியருக்குப் போகும். பயிற்சிக்கு ஆள் வேண்டுமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்த எஞ்சினியர்தான்.

தேதி மறக்காதீர்கள். பயிற்சி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைப் பொருள் வரியிலேயே போட்டுவிடலாம். பாலிடெக்னிக் கொடுத்த விண்ணப்பக் கடிதம், கம்பெனி நிரப்பித் தர வேண்டிய பதில் பாரம், ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி, கோப்பின் பெயரில் உங்கள் பெயர் வருகிற மாதிரி வையுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் எண்ணோடு வந்தால் அவர்கள் கணினியில் சேமித்த மறு நிமிடம் அது யாருடையது என்று தெரியாது. ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும், அவ்வளவு பெரிதாகப் போகவும் கூடாது, இரண்டு மூன்று எம்.பி.க்குள் அடக்கிவிடலாம். விடுதி, அலவன்ஸ் பற்றி முதல் மெயிலில் கேட்க வேண்டாம், இடம் உண்டு என்று சொன்ன பிறகு தாராளமாகக் கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் பினாங்குத் தீவுக்குப் போய் வர முடியாது என்பதை அவர்களும் புரிந்துகொள்வார்கள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் கம்பெனிக்குப் போன் செய்து, "இன்ன தேதியில் மெயில் அனுப்பினேன், யாரிடம் பேசணும்" என்று கேளுங்கள். அந்த ஒரு அழைப்பில் சரியான முகவரி கிடைக்கும்.

விரிவுரையாளரை எப்படி அழைப்பது? ஒருவருக்கு டத்தோ, புரொஃபசர், டாக்டர் எல்லாம் இருக்கிறது. இன்னொருவருக்கு ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. பெயரில் எந்தப் பகுதியைப் போடணும் என்றும் குழப்பம்.
— இரண்டு மாணவிகள் சேர்ந்து கேட்டது

நல்ல கேள்வி, இதில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பார்த்தால் பட்டத்தோடு கடைசிப் பெயரைப் போடு என்று இருக்கும். இங்கே அப்படிப் போட்டால் பல நேரம் அவருடைய அப்பாவை அழைத்ததாகிவிடும். பிரதமர் அன்வார் இப்ராஹிமை டத்தோ ஸ்ரீ அன்வார் என்றுதான் சொல்கிறோம், டத்தோ ஸ்ரீ இப்ராஹிம் என்று சொல்வதில்லை. துன் மகாதீர் முகமட்டும் டாக்டர் மகாதீர்தான், டாக்டர் முகமட் இல்லை. மலாய்க்காரர் பெயரில் பின் (மகன்), பிந்தி (மகள்) வந்தால் அதற்கு முன்னால் இருப்பதுதான் அவர் பெயர். நம் பெயரிலும் அதே கதைதான், அதே பொருளில் வரும் எ/எல், எ/பி-க்கு முன்னால் உள்ளதைப் போடுங்கள். சீனர் பெயரில் முதலில் வருவதுதான் குடும்பப் பெயர், அதனால் முன்னாள் நிதியமைச்சர் துன் டான் சியூ சின்னை மக்கள் துன் டான் என்றார்கள். டாக்டர் பட்டம் பெற்ற ஒரு சீன விரிவுரையாளருக்கு டாக்டர் டான், டாக்டர் லிம் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

பட்டம் நிறைய இருந்தால், துறையின் இணையப் பக்கத்தில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே முதல் மெயிலில் எழுதுங்கள். அவர் பதிலில் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்த்து, அடுத்த மெயிலில் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். டாக்டர் பட்டம் வாங்கியவரை மிஸ், மேடம் என்று எழுதாதீர்கள், வருடக்கணக்கில் உழைத்து வாங்கியது அது. ஆணா பெண்ணா தெரியாத அலுவலருக்கு மலாயில் துவான்/புவான் என்று இரண்டையும் போடுவது வழக்கம், அதில் தப்பில்லை. பள்ளியில் செகு, டீச்சர் என்று அழைத்துப் பழகிய வாய்க்கு முதல் தவணையில் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும்.

அதே காரணத்துக்காக உங்கள் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். முழுப் பெயர் பதிவேட்டுக்கு, அதற்குப் பக்கத்தில் அழைக்கிற பெயர். இல்லாவிட்டால் பன்னாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து அப்பா பெயரை அழைத்துப் பதில் வரும்.

எந்த மொழியில் எழுதுவது? என் ஆங்கிலம் சுமார், மலாய் பரவாயில்லை.
— எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்தவர்

எழுதப்படுகிறவர் எந்த மொழியில் வேலை செய்கிறாரோ அந்த மொழியில். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் பதிவகம், விடுதி அலுவலகம், கல்விக் கடன் தரும் பி.டி.பி.டி.என். போன்ற இடங்களுக்கு மலாய்தான் வசதி. உங்களுக்கும் மலாய் நன்றாக வரும்போது அதை ஏன் விடணும்? சலாம் செஜாத்ரா என்று தொடங்கி, பொருளைச் சொல்லி, செகியான், தெரிமா காசே என்று முடித்து, யாங் பெனார் (இப்படிக்கு) போட்டுப் பெயர் எழுதினால் முறையான கடிதம் ஆகிவிட்டது. பழைய அலுவல் கடிதங்களைப் பார்த்து "சாயா யாங் மெனுருத் பெரிந்தா" (ஆணைக்குப் பணியும் நான்) என்று முடிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள், அது அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கடிதத்தில் போட்டு வந்தது, உங்களுக்கு வேண்டாம். தனியார் கம்பெனிக்குப் பெரும்பாலும் ஆங்கிலம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், சுமாரான ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் எழுதும்போதுதான் கால் இடறும்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலோ தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ தமிழ் படிக்கும்போது தமிழ் விரிவுரையாளருக்குத் தமிழிலேயே எழுதலாம், எழுதணும் என்றே சொல்வேன். ஆனால் தமிழ் என்றவுடன் "ஹாய் ஐயா, சாப்டீங்களா" என்று இறங்கிவிடக் கூடாது. மெட்ரிக் எண்ணும் பாடக் குறியீடும் தமிழ் மெயிலிலும் வேண்டும்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி அனுப்புவது தப்பா?
— கல்லூரி மாணவர்

இலக்கணம் திருத்தக் கேளுங்கள், தப்பே இல்லை. துணைக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் முதல் வரைவை நீங்களே எழுதுங்கள், மலாயும் தமிழும் கலந்து தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. ஏனென்றால் எந்தத் தேதி, எந்தக் காரணம், என்ன வேண்டும் என்பது உங்கள் தலையில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் "ஒரு மெயில் எழுதித் தா" என்று கேட்டால் நலம் விசாரிப்பும் புகழ்ச்சியுமாக ஒரு பக்கம் வரும், நடுவில் உங்கள் விஷயம் ஒரு வரிதான் இருக்கும். சிலர் சதுர அடைப்புக்குள் பெயரை நிரப்பச் சொன்ன இடத்தைக்கூட நிரப்பாமல் அனுப்பிவிடுகிறார்கள். அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அந்த விரிவுரையாளரின் அறையில் நேரில் நின்றால் நீங்கள் சொல்லக்கூடிய வாக்கியமாக இல்லாததை எடுத்துவிடுங்கள். அந்தரங்க விவரம், அடையாள அட்டை எண், மருத்துவச் சீட்டு எதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

மெயில் போட்டால் எத்தனை நாள் காத்திருப்பது? வாட்சாப்பில் கேட்கலாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பினால் தப்பா நினைப்பார்களா?
— மாணவர், சிந்தோக்கில் படிப்பவர்

உங்களுக்கு முதலில் கிழமைக் கணக்கு சொல்கிறேன். சிந்தோக் கெடாவில் இருக்கிறது, கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பேராக்கில் வளர்ந்த உங்களுக்கு வெள்ளிக்கிழமை வேலை நாள் மாதிரியே தோன்றும். வியாழன் மாலை போட்ட மெயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தால் அது அடுத்த வேலை நாளிலேயே வந்த பதில். அப்புறம் ஜொகூரில் படிக்கிற நண்பர்களுக்கும் சொல்லுங்கள், 2025 ஜனவரியிலிருந்து அங்கே மறுபடி சனி ஞாயிறுதான் விடுமுறை.

பொதுவாக மூன்று வேலை நாள் பொறுங்கள், அவசரமில்லாத விஷயமென்றால் ஒரு வாரம். பிறகு புது மெயில் திறக்காமல் பழையதற்குக் கீழேயே, "இன்ன தேதியில் எழுதியிருந்தேன், வியாழக்கிழமைக்குள் பாரம் அனுப்ப வேண்டியிருப்பதால் மீண்டும் ஞாபகப்படுத்துகிறேன்" என்று எழுதுங்கள். "ஏன் பதில் இல்லை" என்கிற தொனி வரக் கூடாது, தேதி மட்டும் வந்தால் போதும். வாட்சாப் எண்ணை அவரே வகுப்புக்குக் கொடுத்திருந்தால் அதில் கேட்கலாம், ஆனால் அனுமதி, மதிப்பெண், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) சம்பந்தப்பட்டது எல்லாம் மெயிலில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அதுதான் உதவும். வாட்சாப்பில் "சரி" என்று சொன்னாலும், "நீங்கள் சொன்னபடி திங்கட்கிழமை தருகிறேன்" என்று மெயிலில் ஒரு வரி போட்டு வையுங்கள்.

ராத்திரி அனுப்புவதில் பிரச்சனை நேரம் இல்லை, தூக்கக் கலக்கம்தான். இணைக்க மறப்பது, வேறு டாக்டர் பெயரைப் போடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்புகிற வசதி இருக்கிறது, ராத்திரி எழுதிக் காலை எட்டரைக்குப் போகிற மாதிரி வைத்துவிடுங்கள். எழுந்தவுடன் ஒருமுறை பார்த்துத் திருத்தவும் நேரம் கிடைக்கும். அமைப்பில் போய், அனுப்பியதைத் திரும்ப இழுக்கிற நேரத்தை 30 வினாடியாகவும் மாற்றிக்கொள்ளுங்கள், முதலில் அது 5 வினாடிதான் இருக்கும். பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புகிற பழக்கம் வந்துவிட்டால் பாதி எழுதியது பறந்துவிடாது.

கேட்டது கிடைத்துவிட்டது. நன்றி மெயில் போடணுமா, இல்லை அதுவும் தொந்தரவா?
— மாணவி, சுங்கை சிப்புட்

போடுங்கள், இரண்டு வரி போதும், அதே மெயிலுக்குக் கீழே. "அனுமதிக்கு நன்றி டாக்டர், திங்கட்கிழமை 5 மணிக்குள் ஒப்படைக்கிறேன்" என்றால் நன்றியும் ஆயிற்று, தேதியை உறுதி செய்ததும் ஆயிற்று. முடியாது என்று பதில் வந்தாலும் நன்றி சொல்லிவிடுங்கள், அடுத்த தவணையும் அவர்தான் பாடம் எடுப்பார். தொழிற்பயிற்சி முடித்தவர்கள் கடைசி நாளுக்குள் மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள், நீங்கள் அங்கே கற்ற ஒரு குறிப்பிட்ட வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் கேட்பதாக இருந்தால் அந்த மெயிலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவர் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கலாம்.